மகளின் தோழியும் டூர் வருகிறாளா? உங்கள் ஃபேமிலி பாலிசியில் அவள் இல்லை!

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே பாடி, கொரட்டூர், முகப்பேர் பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: 'லீவுக்கு எங்கே?' முன்பெல்லாம் பதில் ஊட்டி, கொடைக்கானல். இப்போது அந்தப் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா, கொழும்பு எல்லாம் சேர்ந்துவிட்டன. வீட்டில் ஒரே பிள்ளை என்றால் அடுத்த கோரிக்கை தானாக வரும்: 'அம்மா, அவளையும் கூட்டிட்டுப் போகலாமா? அவ வந்தாதான் ஜாலியா இருக்கும்.'

நல்ல ஆசைதான். எதிர் ஃபிளாட் பிள்ளை, நர்சரியிலிருந்து ஒரே ஸ்கூல், ஒரே வேன். அவளுடைய பெற்றோரும் 'உங்க கூடத்தானே வர்றா, எங்களுக்கென்ன கவலை' என்று சம்மதித்துவிடுவார்கள். டிக்கெட், ஹோட்டல், விசா என்று வேலைகள் வரிசையாக நடக்கும். கடைசியில் டிராவல் இன்சூரன்ஸ் வரும்போது, 'நமக்கு ஃபேமிலி பிளான் எடுக்கிறோமே, அதிலேயே அவளையும் சேர்த்துடலாம்' என்று தோன்றும்.

அங்கேதான் சிக்கல். அவளைச் சேர்க்க முடியாது. விவரம் மாற்றிச் சேர்த்தாலும் க்ளெய்ம் நேரத்தில் அது நிற்காது.

'குடும்பம்' என்றால் யார்?

நமக்குக் குடும்பம் என்பது பெரிய சொல். பக்கத்து வீட்டு ஆயாகூட அதில் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியில் அது சின்னச் சொல். நீங்கள், உங்கள் கணவர் அல்லது மனைவி, உங்களைச் சார்ந்து வாழும் பிள்ளைகள். பெரும்பாலான ஃபேமிலி டிராவல் பாலிசிகளில் குடும்பம் இவ்வளவுதான். சில நிறுவனங்கள் பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும். பிள்ளைக்கான வயது வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆனால் உங்கள் பிள்ளையின் நண்பரோ தோழியோ இந்த வட்டத்துக்குள் வருவதில்லை.

'சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கிறோம்' என்று நாம் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பாலிசியில் பிள்ளை உண்டு, 'பிள்ளை மாதிரி' கிடையாது. ஆன்லைன் ஃபார்மில் உறவுமுறை என்ற இடத்தில் 'மகள்' என்று கிளிக் செய்துவிட்டால் பணம் கட்டும் பக்கம் திறந்துவிடும், பாலிசியும் மெயிலுக்கு வந்துவிடும். அது தவறான தகவலின் மேல் வாங்கிய பாலிசி. க்ளெய்ம் போடும்போது பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். அதில் பெற்றோர் பெயர் வேறாக இருக்கும். இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தின் அடிப்படையே விண்ணப்பிப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதுதான். அது உடைந்தால் க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடும்.

ரயில் டிக்கெட் பழக்கம் இங்கே உதவாது

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது? ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் போடும்போது வரும் இன்சூரன்ஸ் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு டிக் அடித்தால் போதும், தலைக்குப் பைசா கணக்கில் கட்டணம். நீங்கள் போடும் டிக்கெட்டில் மாமா இருக்கலாம், ஆபீஸ் நண்பர் இருக்கலாம். யார் யாருக்கு என்ன உறவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒரே பிஎன்ஆரில் இருந்தால் ஒரே பாதுகாப்பு என்ற எண்ணம் நமக்கு அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது.

வெளிநாட்டுப் பயணத்துக்கான ஃபேமிலி பாலிசி டிக்கெட்டைப் பார்ப்பதில்லை, உறவைப் பார்க்கிறது. ஒரே பிஎன்ஆரில் நான்கு பேர் பறக்கலாம். அதில் மூன்று பேருக்கு மட்டும் இன்சூரன்ஸ் இருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஷெங்கன் விசா கேட்பவர்கள் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு காட்டியாக வேண்டும். அது பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் பொருந்தும் என்பதால் ஐரோப்பா போகிறவர்களிடம் இந்த ஓட்டை விசா கட்டத்திலேயே தெரிந்துவிடும். சென்னைக் குடும்பங்கள் அதிகம் போகும் சிங்கப்பூரும் மலேசியாவும் சுற்றுலாப் பயணிகளிடம் இப்படிக் கட்டாயம் கேட்பதில்லை. கேட்க ஆளில்லாததால், அந்தப் பிள்ளைக்குப் பாலிசி இல்லை என்பதே ஏதாவது நடக்கும்வரை யாருக்கும் தெரியாது.

எங்கே எல்லாம் இடிக்கும்?

முதலாவது, ஆஸ்பத்திரி. சிங்கப்பூரில் அரசு மருத்துவமனைகளின் மானியம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். சுற்றுலா வந்தவர் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கை எலும்பு முறிந்தாலும், வயிற்றுப்போக்கில் டிரிப்ஸ் ஏற்றினாலும் பில் சிங்கப்பூர் டாலரில்தான். அட்மிட் என்றால் முன்பணம் கேட்பதும் வழக்கம். அந்த நேரத்தில் கார்டை நீட்டப்போவது நீங்கள். அந்தப் பணத்தை அவளுடைய அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்ற தர்மசங்கடம் ஊர் திரும்பிய பிறகு தொடங்கும். பல வருட நட்பு அங்கேதான் விரிசல் விடும்.

இரண்டாவதை யாரும் யோசிப்பதில்லை. படுத்தது பிள்ளையாக இல்லாமல் நீங்களாக இருந்தால்? சில பாலிசிகளில், பெரியவர் அட்மிட் ஆகிவிட்டால் கூட வந்த பிள்ளைகளை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் செலவை நிறுவனம் ஏற்கும். ஆனால் அது பாலிசியில் பெயர் உள்ள பிள்ளைக்கு. உங்கள் மகளுக்கு டிக்கெட் கிடைக்கும், அவள் தோழிக்குக் கிடைக்காது. ஒரே ஹோட்டல் அறையில் இருக்கும் இரண்டு சிறுமிகளில் ஒருத்திக்கு மட்டும் வழி இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பயணம் ரத்தாவது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தோழிக்கு அம்மை போட்டுவிட்டது. 'அவ இல்லாம நான் வரமாட்டேன்' என்று மகள் அழுகிறாள். நீங்களும் டூரை ரத்து செய்கிறீர்கள். உங்கள் பாலிசி பணம் தருமா? பெரும்பாலும் தராது. ரத்துக்கான காரணங்களில் உங்களுக்கோ உங்கள் நெருங்கிய உறவுக்கோ வரும் நோய், மரணம் போன்றவைதான் இருக்கும். கூடப் பயணிப்பவருக்கு வரும் நோயையும் ஏற்கும் பாலிசிகள் சில உண்டு. தோழியோடு போவதாக இருந்தால் அந்த வரி இருக்கும் பாலிசியைத் தேடி எடுப்பது நல்லது. இதே கேள்வி அந்தப் பக்கமும் உண்டு: உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் டூர் நின்றுபோனால், அவளுடைய டிக்கெட் பணத்தை அவளுடைய பாலிசி தருமா?

சரி, அப்போ பாலிசியை யார் எடுக்கணும்?

சுருக்கமான பதில்: அவளுக்குத் தனி பாலிசி. எடுக்க வேண்டியது அவளுடைய அப்பா அல்லது அம்மா.

'நாமே எடுத்துக் கொடுத்துடலாமே, சில நூறு ரூபாய்தானே' என்று தோன்றலாம். ஆசிய நாடுகளுக்கு ஒரு வாரம் என்றால் ஒரு பிள்ளைக்கான பிரீமியம் பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். அந்தப் பணத்தைத் தாராளமாக நீங்கள் கொடுங்கள். ஆனால் ஃபார்மை அவர்கள் நிரப்பட்டும். இதற்கு இரண்டு காரணங்கள்.

ஒன்று, சட்டம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதனால் பிள்ளையின் பெயரில் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோதான் விண்ணப்பிக்க வேண்டும். டூருக்கு அழைத்துப் போவதால் நீங்கள் காப்பாளர் ஆகிவிட மாட்டீர்கள்.

அப்பா கையெழுத்தா, அம்மா கையெழுத்தா என்ற கேள்வியும் நம் ஊரில் இன்னும் வருகிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க முயன்றபோது, தாயின் கையெழுத்து போதாது, தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதே, பிள்ளையின் பொறுப்பு நடைமுறையில் தாயிடம் இருக்கும் சூழலில் தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கணவர் துபாயில் வேலை பார்க்க, இங்கே தனியாகப் பிள்ளையை வளர்க்கும் அம்மாக்கள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. விவாகரத்து வழக்கு நடக்கும் வீடு என்றால் மட்டும், பிள்ளை யார் பொறுப்பில் என்ற கோர்ட் உத்தரவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: உடல்நிலை. அந்தப் பிள்ளைக்கு வீசிங் இருக்கிறதா? சின்ன வயதில் ஃபிட்ஸ் வந்திருக்கிறதா? வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா? போன வருடம் அட்மிட் ஆனாளா? தினமும் சேர்ந்து விளையாடும் பிள்ளையாக இருந்தாலும் இதெல்லாம் நமக்குத் தெரியாது. ப்ரபோசல் ஃபார்மில் ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய கேள்விக்கு நீங்கள் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு, அங்கே வீசிங்கில் அட்மிட் செய்ய நேர்ந்தால், டாக்டர் எழுதும் முதல் குறிப்பிலேயே பழைய கதை வந்துவிடும். சரியான பதில் தெரிந்தவர் பெற்றோர் மட்டும்தான்.

சில பெற்றோர் இதைச் சொல்லத் தயங்குவார்கள் என்பதும் உண்மை. 'ஃபிட்ஸ்னு சொன்னா கூட்டிட்டுப் போக மாட்டாங்களோ' என்ற பயம். ஃபார்மை அவர்களே நிரப்பினால் நிறுவனத்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம். உங்களிடமும் சொல்லத்தான் வேண்டும், இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அந்தத் தயக்கத்தை உடைக்க, முதலில் நீங்கள் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பதுதான் வழி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரே நிறுவனம்: முடிந்தால் இரண்டு குடும்பமும் ஒரே நிறுவனத்தில், ஒரே தேதிகளுக்கு எடுங்கள். அவசர நேரத்தில் இரண்டு ஹெல்ப்லைன், இரண்டு விதிமுறை என்று திண்டாட வேண்டாம்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன்: பெரும்பாலான இந்திய நிறுவனங்கள், பயணம் தொடங்கும் முன் இந்தியாவில் இருக்கும்போதே பாலிசி எடுக்கச் சொல்கின்றன. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு யோசிப்பதில் பயனில்லை.

உறவினர் வந்து பார்க்கும் செலவு: பிள்ளை சில நாட்களுக்கு மேல் அட்மிட் ஆனால், இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து கூட இருக்க விமானக் கட்டணம் தரும் வசதி பல பாலிசிகளில் உண்டு. குடும்பத்துப் பெரியவர் யாரும் அங்கே கூட இல்லை என்பது அதற்கான வழக்கமான நிபந்தனை. உங்கள் மகளுக்கு இது பயன்படாது, நீங்களே பக்கத்தில் இருக்கிறீர்கள். அவள் தோழிக்கு இதுதான் உயிர்நாடி. எத்தனை நாள் அட்மிட் ஆனால் கிடைக்கும் என்று பாருங்கள்.

கழிவுத் தொகை: ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் சில டாலர்களை நாமே கட்ட வேண்டும் என்ற விதி இருக்கும். அந்தத் தொகையை யார் கட்டுவது என்பதை இரண்டு வீடும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

விளையாட்டு: ஜெட் ஸ்கீ, பாராசெய்லிங், ஸ்கூபா போன்றவை பல பாலிசிகளில் விலக்கு. சேர்க்க வேண்டுமானால் கூடுதல் பிரீமியம். இதில் அவளுடைய பெற்றோரின் சம்மதமும் தனியாக வேண்டும்.

டிக்கெட்டில் வரும் டிக் பாக்ஸ்: விமான டிக்கெட் தளம் தரும் இன்சூரன்ஸையும் எடுக்கலாம். ஆனால் அது வெறும் லக்கேஜுக்கும் தாமதத்துக்கும்தானா, மருத்துவச் செலவும் உண்டா, எவ்வளவு தொகை என்று படித்துவிட்டு டிக் அடியுங்கள்.

இன்சூரன்ஸோடு சேர்ந்து போக வேண்டிய பேப்பர்கள்

பாலிசி பணத்துக்குப் பதில் சொல்லும், சம்மதத்துக்குச் சொல்லாது. ஆபரேஷன் என்றால் வெளிநாட்டு டாக்டர் கேட்கும் முதல் கேள்வி 'நீங்கள் பெற்றோரா?' என்பதுதான். இமிகிரேஷன் கவுன்டரிலும் அதே கேள்வி வரலாம்.

அதனால் அவளுடைய பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்று, நோட்டரி சான்றோடு கையில் இருக்கட்டும். அதில் பிள்ளையின் பெயர், பாஸ்போர்ட் எண், உங்கள் பெயர், உங்கள் பாஸ்போர்ட் எண், போகும் நாடு, தேதிகள், தங்குமிடம், பெற்றோரின் போன் எண்கள், அவசரச் சிகிச்சைக்குச் சம்மதம் என்ற வரி எல்லாம் இருக்க வேண்டும். கூடவே பிறப்புச் சான்றிதழ் நகல், பெற்றோர் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை நகல், தினமும் சாப்பிடும் மருந்து இருந்தால் டாக்டர் சீட்டு.

பாஸ்போர்ட்டையும் ஒரு முறை திறந்து பாருங்கள். பெரியவர்களுக்கு 10 வருடம் என்பதால் நாம் மறந்துவிடுகிறோம், சிறுவர்களுக்குப் பொதுவாக 5 வருடம்தான். சிங்கப்பூருக்குள் நுழைய 6 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டும் என்றால் பாடிக்காரர்களுக்கு அமைந்தகரை பாஸ்போர்ட் சேவா கேந்திரா பக்கம்தான், ஆனால் பிள்ளையை அழைத்துப் போக வேண்டியது அவளுடைய பெற்றோர். விமான டிக்கெட்டில் அவள் பெயர் உங்கள் பிஎன்ஆரிலேயே இருக்கட்டும். தனி பிஎன்ஆர் என்றால் பெரியவர் துணையில்லாத சிறுவர் என்ற விதிக்குள் ஏர்லைன்ஸ் கொண்டுபோய்விடக்கூடும்.

அங்கே ஏதாவது ஆனால்?

முதல் போன் அவள் அம்மாவுக்கு. இரண்டாவது போன் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்கு. அட்மிட் ஆகும்போதே சொன்னால்தான் கேஷ்லெஸ் ஏற்பாடு எளிது. பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரிஜினலாக வாங்குங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகல், லக்கேஜ் வரவில்லை என்றால் விமான நிலையத்திலேயே ஏர்லைன்ஸ் தரும் புகார் படிவம். இவை இல்லாமல் க்ளெய்ம் நகராது.

ஒரு சின்னக் கணக்கையும் முன்பே பேசிவிடுங்கள். அங்கே பணம் கட்டுவது நீங்களாக இருக்கலாம். ஆனால் பாலிசி அவளுடைய அப்பா பெயரில் என்றால் க்ளெய்ம் தொகை அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பணம் கட்டியது யார் என்பதற்கான ரசீதும், 'வந்ததும் அனுப்பிடுறேன்' என்ற ஒரு மெசேஜும் இருந்தால் பிறகு சங்கடம் இல்லை.

க்ளெய்மை மறுத்தால் முதலில் அந்த நிறுவனத்தின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். ஐஆர்டிஏஐ நடத்தும் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேட்பது அவநம்பிக்கை அல்ல

லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா என்று ஆலைகளைச் சுற்றி வளர்ந்த ஊர் பாடி. ஷிஃப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளையைப் பக்கத்து வீடு பார்த்துக்கொள்வது இங்கே சாதாரணம். அதற்கு யாரும் எழுதி வாங்கவில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, 'கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, பாலிசி எடுங்க' என்று கேட்பது நட்பைச் சந்தேகப்படுவது போலத் தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அம்மா ஒரு ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். சிங்கப்பூரில் என்றால் விமானம் பிடித்து வர வேண்டும். அந்தத் தூரத்துக்காகத்தான் இந்தக் கையெழுத்து.

நிறுவனங்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். ஃபேமிலி பிளான் விற்கும் பக்கத்தில், பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: 'உங்களோடு வரும் பிள்ளைகள் எல்லோரும் உங்கள் பிள்ளைகளா? இல்லையென்றால் அவர்களுக்குத் தனி பாலிசி தேவை.' தமிழில் இந்த இரண்டு வரியைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. 'குடும்பம்' என்பதன் விளக்கத்தை விதிமுறைகளின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் வைத்துவிட்டு, க்ளெய்ம் நேரத்தில் அதை எடுத்துக் காட்டுவது நியாயமில்லை. ஐஆர்டிஏஐ இதைக் கட்டாயமாக்கலாம். விசா ஏற்பாடு செய்யும் டிராவல் ஏஜென்ட்களும் வேறு குடும்பத்துப் பிள்ளையின் பாஸ்போர்ட் கைக்கு வந்ததுமே இதைச் சொல்லலாம்.

அதுவரை பொறுப்பு நம்மிடம்தான். டிக்கெட் போடும் முன் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து, அவளுக்குத் தனி பாலிசி, உடல்நிலை விவரம், சம்மதக் கடிதம், பணக் கணக்கு என்ற நான்கையும் பேசி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த ஜன்னலோர சீட் யாருக்கு என்ற சண்டையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.